பன்னிரண்டு சிவப்புக் குச்சிகள்

நம் பள்ளிக்கூடத்து நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். தலைப்பும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: தேயிலைத் தோட்டத்துப் பெண் நிலவியலாளர் ஆன கதை. படம் ஒன்றும் வேண்டுமாம், பட்டமளிப்பு அங்கியோடு இருந்தால் நல்லதாம். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்குமாம். சரியென்று நானும் தலையாட்டிவிட்டேன். ஓய்வு பெற்று ஈப்போவில் வீட்டோடு கிடப்பவளுக்கு வெட்டி முறிக்கிற வேலை வேறென்ன இருக்கிறது.

எழுதலாம் என்று உட்கார்ந்த அன்று பார்த்து நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. ஆயாக் கொட்டகைக்கு முன்னால் நாம் எல்லோரும் மூக்கொழுக நிற்கிற பழைய படம். பின்னால் வாசலில் ஆயா, இடுப்பில் யாரோ ஒரு கைக்குழந்தை. கீழே உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள்: “கீரை ஆயா ஞாபகம் இருக்கா? கீரைக்கு ஆசப்பட்டு மலையையே தலைமேல இழுத்துப் போட்டுக்கிட்டவங்க.” அதற்குச் சிரிப்பு மூஞ்சிகள், அழுகை மூஞ்சிகள், கும்பிட்ட கைகள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். 

அந்த மனுஷியின் தூளியில் தூங்காத ஒருத்தர் இருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம். நம் அம்மாக்கள் இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து கிள்ள மலையேறியபோது, நமக்குப் பால் கலக்கிக் கொடுத்து, பீ மூத்திரம் அள்ளி, குளிரில் நடுங்கினால் தன் கம்பளியைப் போர்த்தியவள் அவள். அவளுக்கு நாம் வைத்த பேர் கீரை ஆயா. அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் நீங்கள் கேட்ட கதையைத்தான் எழுதப் போகிறேன், ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி இல்லை.

நாம் ஆறாம் ஆண்டு படித்த வருஷம் அது. மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், தேயிலை மலையின் நடு வயிற்றில் ஒரு வெடிப்பு ஓடியதே, நினைவிருக்கிறதா? கூழாங்கல்லைப் போட்டுவிட்டு அது அடியில் விழும் சத்தத்துக்குக் காதைத் தரையில் வைத்துக் கிடப்போம். அந்த வெடிப்புக்கு மேலே போகும் லோரி ரோட்டை அகலப்படுத்தப் பெரிய துரைக்கு ஆசை. மலை தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஈப்போவிலிருந்து ஒருவரை வரவழைத்தார். ஆடி மாதம். காலையில் மூடுபனி விலகியதும் ஒரு பச்சை ஜீப் நம் லயத்துக்குக் கீழே வந்து நின்றது.

இறங்கியவர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். இடுப்பில் சுத்தியல். அதைவிடப் பெரிய அதிசயம், அவர் தமிழ் பேசினார். பாதி இங்கிலீஷ் கலந்த தமிழ்தான், இருந்தாலும் தமிழ். பூட்ஸ் போட்டு மலையேறி வந்து கை நீட்டிப் பேசுகிறவர்கள் துரைமார் மட்டும்தான் என்று நினைத்திருந்த லயத்தில் அது சின்ன விஷயமா? கல்லு ஐயா, கல்லு ஐயா என்று எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என் அம்மா அவருக்குப் பசியாற தோசை சுட்டுக் கொடுத்தனுப்பினாள், கூடவே கட்டிச் சட்டினி.

தூக்குச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அப்போது அவர் ஒரு கல்லைச் சுத்தியலால் இரண்டாக உடைத்தார். வெளியே அழுக்குப் பழுப்பு, உள்ளே உப்புத் தூவிய மாதிரி வெள்ளையும் கறுப்பும் மின்னியது. அதோடு விட்டாரா, உடைந்த பக்கத்தை நாக்கால் நக்கிப் பார்த்தார். ஈரம் பட்டால் மணிகள் தெளிவாகத் தெரியும் என்றார். அவர் போட்டுவிட்டுப் போன மறுபாதியை எடுத்து நானும் நக்கினேன். பூட்டிக் கிடக்கும் வீட்டின் தாழ்ப்பாள் மாதிரி ஒரு ருசி, ஜில்லென்று. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், இந்த வேலைதான் எனக்கு என்று. கொழுந்துக் கூடை என் தலையில் ஏறப்போவதில்லை என்று.

“இதுக்கு என்ன படிக்கணும் ஐயா?”

“எதுக்கு?”

“கல்ல ஒடச்சுப் பாக்கறதுக்கு.”

அவர் சிரித்துவிட்டார். “பொம்பளப் புள்ளைக்கு இந்த வேல எதுக்குலா? அட்டக் கடி, வெயிலு, மழ.” பிறகு தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கணக்கு வருமா ஒனக்கு?”

“வகுப்புல நாந்தான் மொதோ.”

“சரி. ஒரு வேல தர்றேன். ஒழுங்கா செஞ்சின்னா, ஈப்போவுல நல்ல ஸ்கூல்ல சேர்றதுக்கு நானே லெட்டர் எழுதித் தர்றேன்.”

அந்த வேலைதான் குச்சிகள். வெடிப்புக்குக் கொஞ்சம் கீழே, மலையின் குறுக்காக, இந்தக் கோடியில் ஒரு பெரிய பாறையும் அந்தக் கோடியில் ஒரு பெரிய பாறையும் இருந்தன. இரண்டிலும் ஆணி அடித்தார். ஆணிக்கு ஆணி கயிறு இழுத்துக் கட்டி, அந்தக் கயிற்றை ஒட்டியே பன்னிரண்டு குச்சிகளை அடித்தார். தலைப்பகுதியில் சிவப்புச் சாயம். பாறைகள் நகராது, மண் நகர்ந்தால் குச்சி கயிற்றை விட்டுக் கீழே தள்ளிப் போகும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கயிற்றைக் கட்டி, குச்சி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அடிக்கோலால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அளக்க வேண்டியது அவர். வாராவாரம் வந்து அவர் பார்ப்பதாகத்தான் துரையிடம் பேச்சு. அடிவாரத்துத் தாப்பா ஊரிலிருந்து மேலே ஏறும் வளைவுகளில் அவருக்குக் குமட்டுமாம், அதனால் மாதத்துக்கு ஒரு தடவை வருவதாக அவராகவே முடிவு செய்துகொண்டார். மிச்சத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டினார். இதெல்லாம் பின்னால் நானே அந்த வேலைக்குப் போனபோது புரிந்தது. அன்றைக்கு எனக்கு, நீல அட்டை போட்ட நோட்டும் சீவிய பென்சிலும் கையில் வந்ததே பெரிய பாக்கியம். அட்டையில் என் பேரைக் கூட எழுதவில்லை, ‘சர்வே’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கெல்லாம் அவர் குச்சிக் கங்காணி. புதுத் தேயிலை வைக்கிற மலையில் கயிறு பிடித்து, ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குச்சி அடித்து வரிசை போடுவது அவர் வேலை. அவர் வரிசை என்றால் வரிசைதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நூறு குச்சியும் ஒரே குச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சும்மா வந்த திறமை இல்லை அது. அவர் இளந்தாரியாக இருந்தபோது வரிசை ஒன்று கோணிவிட்டதென்று அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை ஆள்கள் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கி அப்பாவின் காலடியில் வீசினானாம். அம்மாதான் இதை எனக்குச் சொன்னாள். அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் கோணலாக எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது, சாமி படத்தைக் கூடப் போகும்போதும் வரும்போதும் சரிசெய்வார்.

கல்லு ஐயா போன அன்று அப்பா என்னைக் கேட்டார். “ஐயா என்னா சொன்னாரு?”

“குச்சி நேரா நின்னா நல்லதாம்பா. கோணிச்சுன்னா ஒடனே தொரைகிட்ட சொல்லணுமாம்.”

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மண், பாறை, நகர்வது எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கே அது முழுசாகப் புரியாத வயது. அப்பாவுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். குச்சி கோணினால் துரைக்குப் புகார் போகும். புகார் போனால் மகள் மாட்டிக்கொள்வாள். லெட்டர் போய்விடும், ஈப்போ போய்விடும்.

முதல் இரண்டு சனிக்கிழமை எல்லாக் குச்சியும் கயிற்றை ஒட்டியே நின்றன. மூன்றாவது சனிக்கிழமை ஆறாவது குச்சி அரை அங்குலம் கீழே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுத ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதே. பென்சிலை அழுத்தி எழுதினேன். நான்காவது வாரம் ஆறாவதும் ஏழாவதும் முக்கால் அங்குலம். அதையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், “நடுக் குச்சியெல்லாம் கோணிருச்சுப்பா.” அப்பா குடித்துக்கொண்டிருந்த வரக்காப்பியை அப்படியே கீழே வைத்தார்.

அந்த வாரமே கல்லு ஐயா வருகிற நாள் வந்தது. அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கயிற்றைக் கட்டினேன். பன்னிரண்டு குச்சியும் கயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அடித்த அன்றைக்கு நின்ற மாதிரியே. ஆறாவது குச்சியைச் சுற்றி மண் புதிதாக மிதிபட்டிருந்தது. பெரட்டுக்கு முன்னாலேயே அப்பா மண்வெட்டியோடு வெளியே போய் வந்தது எனக்குத் தெரியும். மண்வெட்டியில் அந்த மலையின் மஞ்சள் மண் ஒட்டியிருந்ததையும் பார்த்திருந்தேன்.

நோட்டில் முக்கால் அங்குலம், குச்சியில் ஒன்றுமில்லை. ஜீப் சத்தம் கேட்டுவிட்டது. இவள் பொய் எழுதுகிறாள் என்று அவர் சொல்லிவிட்டால்? அழிப்பானை எடுத்தேன். மூன்றாம் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் அழித்துச் சுழியம் போட்டேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். “எல்லாம் ஸீரோ. வெரி குட்,” என்றார். கயிற்றின் மேல் ஒரு பார்வை, குச்சிகளின் மேல் ஒரு பார்வை. குனிந்து மண்ணைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அம்மாவின் தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது ஆயாவின் கதவுக்கு வருகிறேன். குழந்தைகள் வெளியே ஓடாமல் இருக்க அந்தக் கதவைச் சாத்தித்தான் வைப்பாள். அந்த ஆடியிலிருந்து கதவு மேல் சட்டத்தில் இடிக்க ஆரம்பித்தது. தோட்டத்து ஆசாரி வந்து சீவிவிட்டுப் போனார். மூன்று வாரம் ஒழுங்காகச் சாத்த முடிந்தது, மறுபடி இடித்தது. மறுபடி வந்து சீவினார். மூன்றாவது தடவை உளியை எடுக்கும்போதே முனகினார்.

“இனிமே சீவ மரம் இல்ல ஆயா. தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுறீங்க, கதவு ஊதுது.”

“கதவு ஊதல ஆசாரி. நெலச் சட்டம் சாயுது. சாயங்காலம் அடுப்பு மேடையில உருளக் கெழங்கு வச்சா அது பாட்டுக்கு உருண்டு ஓடுது.”

ஆசாரி சிரித்தார். அதைப் போய் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியிடம் சொன்னார், கிராணியும் சிரித்தார். ஆயா ஒரு நாள் ஆபீஸ் வாசல்வரை போய் நின்றாள். கொட்டகைக்குப் பின்னால் மண் சுவரில் எப்போதும் இல்லாத இடத்தில் தண்ணீர் ஊறுகிறது, வந்து பாருங்கள் என்றாள். “ஒங்களுக்கு வயசாயிருச்சு ஆயா, நீங்கதான் சாயுறீங்க,” என்றார் கிராணி. ஆபீஸில் இருந்த எல்லோரும் சிரித்ததாக லயம் முழுக்கப் பேச்சு. நம் வீட்டிலும் சிரித்தோம். உங்கள் வீட்டிலும் சிரித்திருப்பீர்கள்.

ஒரு சனிக்கிழமை நான் அளந்து முடித்து, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகை வழியாக இறங்கினேன். ஆயா வாசலில் தூளித் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“அடியே சர்வேக்காரி, இங்க வா. நீதான் எல்லாத்தையும் அளந்து எழுதறவளாச்சே. என் கதவையும் அளந்து எழுதேன். கல்லு ஐயா படிச்சவரு, அவருக்குப் புரியும்.”

“கதவெல்லாம் அளக்கச் சொல்லல ஆயா. குச்சி மட்டுந்தான்.”

“கதவும் குச்சி மாதிரிதானடி. மரந்தான?”

“அது வேற, இது வேற. ஒங்களுக்குப் புரியாது.”

அப்படித்தான் சொன்னேன், ஒரு எழுத்து கூட மாற்றாமல் சொல்கிறேன். ஆயா கோபப்படவில்லை. “சரிடி பெரிய மனுஷி,” என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து வேகவைத்த கடலையை எடுத்து என் கையில் திணித்தாள். கடலையைத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது மாதம் குச்சிகள் இன்னும் வேகமாக நகர்ந்தன. கல்லு ஐயா வருவதற்கு முந்தைய நாள் அப்பா மறுபடி நேராக்கினார், நான் மறுபடி அழித்தேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதற்குப் பிறகு அப்பா எனக்கு அழிக்கிற வேலையும் வைக்கவில்லை, வெள்ளிக்கிழமைகளிலேயே சரிசெய்துவிடுவார். நான் சனிக்கிழமை போய் அளந்தால் சுழியம்தான். சுத்தமான, நேர்மையான சுழியம். மலை நல்ல மலை என்று கல்லு ஐயா துரைக்கு எழுதிக் கொடுத்தார், மேலே ரோட்டு வேலை தொடங்கியது.

தீபாவளி அடைமழையோடு வந்தது. பலகாரமெல்லாம் நமுத்துப் போய், பட்டாசு ஒன்றும் வெடிக்காமல், நாம் அழுததை மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாளும் லீவு. பிள்ளைகள் இல்லாத கொட்டகைக்கு ஆயா ஏன் போனாள் தெரியுமா? லீவு முடிந்து கைக்குழந்தைகள் வரும்போது தூளித் துணி ஈரமாக இருக்கக் கூடாதென்று, அடுப்பு மூட்டி உலர்த்தப் போனாள். மத்தியானச் சோற்று நேரம். முதலில் லோரி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தபோது பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த மலை இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் மஞ்சள் சேறும், வேரோடு பெயர்ந்த தேயிலைச் செடிகளும் குவிந்து கிடந்தன. கிள்ளாத கொழுந்தின் பச்சை வாசனை லயம் முழுக்க அடித்தது. இன்றைக்கும் தேயிலை ஆலைப் பக்கம் போனால் எனக்கு அந்த வாசனை குமட்டும்.

ஆண்கள் எல்லோரும் தோண்டினார்கள். அப்பாதான் முதலில் அந்தக் கதவைக் கண்டுபிடித்தார். ஆயா கதவுக்கு உள்பக்கம் இருந்தாள். அது சாத்தியபடி இறுகியிருந்தது. நான்கு பேர் சேர்ந்து கடப்பாரை போட்டுத்தான் பெயர்த்தார்கள்.

கல்லு ஐயா மறுநாள் வந்தார். தோசை கேட்கவில்லை. மேலே ஏறினார், அப்பாவும் கூட ஏறினார், அவர்கள் பின்னால் நான். இந்தக் கோடிப் பாறை பக்கம் மூன்று குச்சிகள் தப்பி நின்றன. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் மண்டியிட்டு மண்ணைப் பார்த்தார். மூன்றாவது குச்சிக்குக் கீழ்ப்பக்கம், அதை ஒட்டியே, வாயில் மட்டும் மண் திணித்து அடைத்த பழைய குச்சிக் குழி ஒன்று இருந்தது. விரலால் நோண்டினார். உள்ளே காலியாக இருந்தது.

“இது என்ன கங்காணி?”

“குச்சி எறங்கி இருந்துச்சுங்க ஐயா. மாடு கீடு இடிச்சிருக்கும். நாந்தான் கயிறு புடிச்சு நேராக்கி வச்சேன்,” என்றார் அப்பா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அப்போதும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

கல்லு ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார், நோட்டைக் கேட்டு வாங்கினார், அழித்த பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அப்பாவைப் போலவே அவரும் மாட்டியிருப்பார், வாராவாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பிள்ளையை அளக்க விட்டவர் அல்லவா.

“இத யாருக்கும் சொல்ல வேணாம் கங்காணி,” என்றார் கடைசியில். “சொன்னா ஒங்களுக்குத்தான் கஷ்டம். புள்ள படிப்பும் கெட்டுப் போயிரும்.”

பிறகு கீழே இறங்கிக் கொட்டகையின் பின்பக்கம் போனார். ஆயா அங்கே ஒரு கீரைப் பாத்தி போட்டிருந்தாள். இரண்டு சாக்கு விரித்தால் மூடிப்போகிற பாத்தி. மண் சுவரின் அடியை ஒரு சாண் வெட்டித் தட்டையாக்கி, அரைக்கீரை விதைத்திருந்தாள். அந்தக் கீரையைக் கடைந்துதான் நமக்கெல்லாம் ஊட்டினாள். பாத்தியின் ஓரம் மட்டும் சரிவில் மிஞ்சியிருந்தது. அவர் அதை அளந்தார், படம் எடுத்தார். மலையின் காலை வெட்டியதால் மலை சரிந்தது என்று ரிப்போர்ட் எழுதினார். மூன்று மாதம் நகர்ந்த மலையை ஒரு சாண் கீரைப் பாத்தியின்மேல் போட்டார். துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், அந்தப் பாத்தி மலைக்குக் கொசுக்கடி கூட இல்லை.

துரை உத்தரவு போட்டார், லயத்துக்குப் பின்னால் இருந்த பாத்திகளை எல்லாம் பிடுங்கச் சொல்லி. அம்மா எங்கள் வெண்டைக்காயையும் கீரையையும் பிடுங்கிக்கொண்டே ஆயாவைத் திட்டினாள். உங்கள் அம்மாக்களும் திட்டினார்கள். அந்த வாரமே கீரை ஆயா என்ற பேர் வந்துவிட்டது. ஆயாவின் மகன் லோரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாரே, அவரை எதிரில் கண்டால் பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கருமாதி முடிந்ததும் அவர் தோட்டத்தை விட்டே போய்விட்டார்.

ஆண்டிறுதி லீவுக்கு முந்தின வாரம் எனக்கு ஒரு உறை வந்தது. உள்ளே அவர் சொன்ன லெட்டர், கூடவே என் நீல நோட்டு. அது தன்னிடம் இருப்பது அவருக்கு ஆபத்து, அதனால் அனுப்பிவிட்டார். லெட்டரில் இருந்ததைத் தலைமையாசிரியர் தமிழில் சொன்னார்: இந்தச் சிறுமி கூர்ந்து பார்ப்பவள், கண்டதைக் கண்டபடி எழுதுகிறவள். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அந்த லெட்டரோடுதான் ஈப்போவுக்குப் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடம், உபகாரச் சம்பளம், பல்கலைக்கழகம் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. உங்கள் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்றீர்களே, இதுதான் அது.

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். பாடப்புத்தகம் ஒன்று விரித்தபடி கிடந்தது. அப்பா அதில் ஒரு படத்தைப் பார்த்துக் குனிந்தார். மலைச்சரிவு, இரண்டு கோடியிலும் பாறை, நடுவில் வில்லாக வளைந்த குச்சி வரிசை.

“இது என்னம்மா, நம்ம குச்சியாட்டம் இருக்கு. கோணலா வேற நிக்குது.”

என் வாய் இருக்கிறதே. யோசிக்காமல், பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். மண் உள்ளுக்குள் நகர்ந்தால் குச்சி இப்படிக் கோணும்பா, கோணலைப் பார்த்துத்தான் மலை விழப்போகிறதென்று முன்னாலேயே சொல்ல முடியும், ஆள்களை அப்புறப்படுத்த முடியும். சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

“அப்ப, கோணிக்கிட்டு நின்னிருந்தா?”

நான் அந்தப் படத்தைக் கையால் மறைத்தேன்.

“ஆயா இருந்திருக்கும்,” என்றார் அப்பா. புத்தகத்தை மூடி, மேசையின் ஓரத்துக்கு நேராக வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையால் தட்டிக் கோணலாக்கினார்.

அந்த மாதமே குச்சி அடிக்கிற வேலை வேண்டாமென்று கிராணியிடம் சொல்லிவிட்டு மருந்தடிக்கிற கும்பலில் சேர்ந்துவிட்டார். கண் சரியில்லை என்று காரணம் சொன்னார். சாகும்வரை அவர் கண் நன்றாகத்தான் இருந்தது. என்னோடு பேசுவதும் குறைந்துபோயிற்று. சம்பாதிக்கிறாயா, சாப்பிட்டாயா, அவ்வளவுதான். எனக்குப் படிப்பு கொடுத்த மனுஷனுக்கு நான் படித்துத் திருப்பிக் கொடுத்தது இதுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் திரிங்காப் என்ற மலையூரில் ஒரு காய்கறித் தோட்டத்துச் சரிவைப் பார்க்கப் போயிருந்தேன். முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவர் என்னையே பார்த்தார். பக்கத்தில் வந்து, “நீங்க குச்சிக் கங்காணி மகதானே?” என்றார். ஆயாவின் மகன்.  அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“எங்கம்மா செஞ்ச தப்பால ஒங்க லயத்துக்கே கஷ்டமாயிருச்சு. அப்ப யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்காமயே போயிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கம்மா.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம். அரசாங்க ஜீப்பில் வந்து, பூட்ஸ் போட்டுக்கொண்டு, இடுப்பில் சுத்தியலோடு நின்றவளிடம். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? “பரவால்ல அண்ணே, அதெல்லாம் பழைய கத,” என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். கல்லு ஐயாவைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆயாவின் மகன் இன்னும் திரிங்காப்பில்தான் இருக்கிறார். பேத்தி நம் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாளாம். நினைவு மலர் எல்லாப் பிள்ளைகள் வீட்டுக்கும் போகும் என்கிறீர்கள். போகட்டும். அவர் கண் பார்வைக்கு இது போவதற்கு முன்னால் நானே நேரில் போய்ச் சொல்லிவிடுவேன், அடுத்த சனிக்கிழமைக்குப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். என் படம் வேண்டாம், அங்கியும் வேண்டாம். அந்த இடத்தில் கொட்டகை வாசலில் ஆயா நிற்கிற படத்தைப் போடுங்கள். இடம் போதாவிட்டால் நான் எழுதிய மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள், கீழே இருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

நீல நோட்டு என் முன்னால் இருக்கிறது. பென்சிலை அழுத்தி எழுதுகிற பழக்கம் அன்றைக்கே எனக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்தால் சுழியத்துக்கு அடியில் பழைய எழுத்தின் தடம் தெரிகிறது. பார்த்து எழுதுகிறேன்.

மூன்றாம் வாரம்: ஆறாவது குச்சி, அரை அங்குலம்.

நான்காம் வாரம்: ஆறு, ஏழு, முக்கால் அங்குலம்.

ஆறாம் வாரம்: ஆறு, ஏழு, எட்டு, அரை அங்குலம்.

ஏழாம் வாரம்: ஐந்து முதல் எட்டு வரை, ஒரு அங்குலம்.

எட்டாம் வாரம்: நான்கு முதல் ஒன்பது வரை, ஒன்றரை அங்குலம்.

அதற்குப் பிறகு உள்ளவை அப்பாவுக்கு மட்டுமே தெரியும்.

ஆயாவின் கதவு: அளக்கவில்லை.